பேவர் பிளாக் போட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குமா? மேற்கு மாம்பலத்தில் 12 வீட்டுக் குடியிருப்பு, யோசனை வேண்டும்

மாம்பலத்தான் · ஜூன் 8

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது பழைய அடுக்ககம், 12 வீடுகள், சங்கச் செயலாளர் பொறுப்பு இந்த வருடம் என் கையில். கட்டடத்தைச் சுற்றி 220 சதுர மீட்டர் அளவுக்குக் காலி இடம் இருக்கிறது, அத்தனையும் சிமெண்ட் தளம், போட்டு 25 வருடத்துக்கு மேல் ஆகிறது, பாதி வெடித்துப் பெயர்ந்துவிட்டது. தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் ஏற்றிக்கொண்டே வந்ததில் இப்போது தெரு எங்கள் வாசலைவிட முக்கால் அடி உயரம். மழை வந்தால் எங்கள் தண்ணீர் வெளியே போக வழியில்லை, தெருத் தண்ணீர் உள்ளே வர மட்டும் வழி இருக்கிறது. 2023 மிக்ஜாம் புயலில் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்ப்புக்குள் சாக்கடை கலந்து பத்து நாள் கேன் தண்ணீரில்தான் குடும்பம் நடத்தினோம், மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பெரியவருக்கு நாங்கள்தான் மாறி மாறி கேன் தூக்கிக் கொடுத்தோம்.

இப்போது தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். ஒப்பந்தக்காரர் "பேவர் பிளாக் போடுங்கள் சார், இடுக்கு வழியாகத் தண்ணீர் தானாக இறங்கிவிடும், வெள்ளப் பிரச்சினையே வராது" என்கிறார். உண்மையா? இரண்டு வாரத்தில் பொதுக்குழு, அதற்குள் ஒரு பதில் வேண்டும்.

கடற்கரை மணல் · ஜூன் 8

திருவான்மியூரில் எங்கள் வளாகத்தில் ஆறு வருடமாக பேவர் பிளாக்தான். மழை விட்ட கால் மணி நேரத்தில் தரை காய்ந்துவிடும். தைரியமாகப் போடுங்கள்.

சிவில்_37 · ஜூன் 8

இறங்காது சார். கடற்கரை நண்பர் சொல்வது அவர் மண்ணுக்குச் சரி, அங்கே வெறும் மணல், எதைப் போட்டாலும் கொஞ்சமாவது உறிஞ்சிக்கொள்ளும். மாம்பலம், தி.நகர், அண்ணா நகர், பெரம்பூர் பக்கமெல்லாம் களிமண். வேளச்சேரி, ஆதம்பாக்கம் போனால் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. ஒரே ஊர்தான், ஆனால் கீழே மூன்று விதமான தரை, அதனால் பக்கத்துப் பேட்டையில் நடந்ததை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

நான் இருபது வருடமாகத் தளவேலை பார்க்கிறவன். வழக்கமாக பேவர் பிளாக் எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். கீழே மண்ணைக் கெட்டித்து, பல இடங்களில் அதன் மேல் கான்கிரீட் போட்டு, அதற்கு மேல் இரண்டு அங்குலம் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) அல்லது கிரஷர் தூசி பரப்பி, கல்லை நெருக்கி அடுக்கி, இடுக்கிலும் அதே தூசியைத் துடைப்பத்தால் தள்ளி, மேலே காம்பாக்டர் ஓட்டுவார்கள். அந்தத் தூசி இரண்டு மழை கண்டால் கெட்டியாகிவிடும். மிகச் சொற்பமாகவே கசியும், மற்றதெல்லாம் சிமெண்ட் தளத்தில் ஓடுவது போலவே ஓடும். மேலே இடுக்கு இருப்பதால் தண்ணீர் இறங்குகிறது என்று நாமே நம்பிக்கொள்கிறோம்.

உண்மையிலேயே தண்ணீர் இறங்கும் தளம் என்றால் வேலை செய்வது மேலே இருக்கும் கல் இல்லை, அடியில் இருக்கும் ஜல்லி. மண்ணைத் தோண்டி, தூசி இல்லாமல் கழுவிய ஒன்றரை அங்குல ஜல்லியை முக்கால் அடி கொட்டுவார்கள், அதற்கு மேல் முக்கால் அங்குல ஜல்லி, அதற்கு மேல் மெல்லிய அடுக்காகச் சிப்ஸ் என்கிற சின்ன ஜல்லி, அதன் மேல் 80 மி.மீ. கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் நுனி நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டு அதிலும் சிப்ஸ்தான் நிரப்ப வேண்டும், மணல் ஒரு பிடிகூட எங்கேயும் சேரக் கூடாது. ஒரே அளவு ஜல்லியைக் கொட்டினால் நடுவே சுமார் 40 சதவீதம் வெற்றிடம் நிற்கும், அந்த வெற்றிடம்தான் உங்களுக்குத் தரைக்கு அடியில் ஒரு தொட்டி. மழை அதில் இறங்கி நின்று, மண்ணுக்குள் மெதுவாகப் போகும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 220 சதுர மீட்டர் முழுவதும் 30 செ.மீ. ஜல்லி போட்டால் 26,400 லிட்டர் நிற்கும், இரண்டு பெரிய லாரித் தண்ணீருக்கு மேல். உங்கள் முற்றத்தில் 120 மி.மீ. மழை பெய்தாலும் மேலே ஒரு சொட்டு நிற்காது.

ஆனால் முதலில் மண்ணைப் பாருங்கள். நாலு இடத்தில் தோண்டி, முந்தின நாள் மாலையே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் திரும்ப ஊற்றி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துக் குறியுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றி அளந்தால் களிமண்கூட மடமடவென்று குடிக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

வடிகால் முக்கியம் · ஜூன் 9

நல்ல நோக்கம்தான், ஆனால் இதெல்லாம் படத்தில் பார்க்க அழகாக இருக்கும் வேலை என்பது என் கருத்து. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. சீனாவில் கோடி கோடியாகக் கொட்டி, மழைத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் 'ஸ்பாஞ்ச் நகரம்' கட்டினார்கள், ஜெங்ஜோவும் அந்தத் திட்டத்தில் இருந்த ஊர்தான், 2021 ஜூலையில் அங்கே ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. பெய்து சுரங்க ரயிலுக்குள் ஆட்கள் செத்துப்போனார்கள். ஜல்லி என்ன செய்தது? களிமண்ணில் போய் இதைச் செய்வது காசைப் புதைப்பது. அந்தப் பணத்தில் வாசலை உயர்த்துங்கள், பம்ப் வாங்குங்கள், தெரு வடிகாலைத் தூர்வாரச் சொல்லி கவுன்சிலரிடம் எல்லோரும் சேர்ந்து போங்கள்.

சிவில்_37 · ஜூன் 9

அண்ணா, 2015 மாதிரி மழைக்கு எந்தத் தளமும் பதில் இல்லை, அதை மறுக்கவே மாட்டேன். 49 செ.மீ. பெய்தால் இவர் முற்றத்தில் மட்டும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் விழும், ஜல்லியில் நிற்பது அதில் கால்வாசிதான். அன்றைக்கு ஏரியும் ஆறும் சதுப்பு நிலமும்தான் பேச வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தின்றுவிட்டு நாம் பேவர் பிளாக்கில் பதில் தேடுவது நியாயமே இல்லை.

ஆனால் சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். அது 49 செ.மீ. மழையாக வருவது அபூர்வம். 30, 40, 60 மி.மீ. என்று வருகிற மழைகள்தான் அதிகம், அந்த மழைகளில்தான் ஒவ்வொரு ஐப்பசியிலும் நம் தெருக்கள் முழங்கால் அளவு நிற்கின்றன. இந்தத் தளம் அந்த மழைகளுக்கானது. ஒரு தெருவில் நாற்பது வளாகமும் முதல் இரண்டு மணி நேரத் தண்ணீரைத் தன் வாசலுக்குள் பிடித்து வைத்தால் அந்த வடிகால் அவ்வளவு சீக்கிரம் பொங்காது.

களிமண் என்றால் முழுக்க இறக்க முடியாதுதான். அதற்காகத்தான் ஜல்லிக்குள் துளைக் குழாய், அதாவது உடம்பெல்லாம் துளை போட்ட குழாய், வைத்து வடிகாலில் இணைப்பது. கொஞ்சம் மண்ணுக்குள் போகும், மிச்சம் தாமதமாக வெளியே போகும். தாமதமே பெரிய லாபம்.

கோவைக்காரி · ஜூன் 10

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதே குழியில் விழக் கூடாது என்பதற்காக. எங்கள் வளாகத்தில் பெர்வியஸ் கான்கிரீட் போட்டோம், அதாவது மணலே சேர்க்காமல் ஜல்லியும் சிமெண்டும் மட்டும் கலந்து போடுவது, பார்க்கப் பொரிவிளங்காய் உருண்டை மாதிரி இருக்கும். போட்ட புதிதில் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினாலும் அடுத்த நொடி காணாமல் போகும், குழந்தைகளுக்கு அதுவே விளையாட்டு. இரண்டாம் வருடம் ஒரு வீட்டில் மராமத்து வேலை. ஆள் ஒரு லோடு மணலை நேராக அந்தத் தளத்தின் மேல் கொட்டி, அங்கேயே கலவையும் போட்டுவிட்டார். சாயங்காலம் கழுவிவிட்டேன் என்று சொன்னார், கழுவியதில் சிமெண்ட் பால் முழுவதும் ஓட்டைக்குள் போய் இறுகிவிட்டது. அந்த இடம் இன்று வரை திறக்கவில்லை, மழை பெய்தால் அங்கே மட்டும் குளம். இரண்டு லட்சத்துக்கு மேல் செலவு செய்த வேலை ஒரு மத்தியானத்தில் போயிற்று, அந்த இடத்தைக் கடக்கும்போது இன்னும் வயிறு எரிகிறது.

சிவில்_37 · ஜூன் 10

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது மேடம். மாம்பலம் சாருக்கு நான் பெர்வியஸ் கான்கிரீட்டைச் சொல்லாததற்குக் காரணமே இதுதான். அதைப் போடவே தனிக் கை வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கூடினால் சிமெண்ட் அடியில் இறங்கி ஓட்டையை அடைக்கும், குறைந்தால் ஜல்லி உதிரும். நம் கொத்தனார்கள் நல்ல வேலைக்காரர்கள், ஆனால் தளம் என்றாலே கரணையால் வழவழவென்று தேய்த்து முடிப்பதுதான் அவர்கள் கற்ற தொழில், இங்கே அந்தத் தேய்ப்பே எமன். போட்ட உடனே பாலித்தீன் போட்டு ஏழு நாள் மூடி வைக்க வேண்டும், யார் வைக்கிறார்கள்?

கல் அடுக்கும் முறையில் ஓர் இடம் அடைத்தால் அந்த இடத்துக் கல்லை மட்டும் எடுத்து, சிப்ஸை மாற்றித் திரும்ப வைக்கலாம். நமக்கு அதுதான் தோது.

மாம்பலத்தான் · ஜூன் 16

நாலு குழி தோண்டிவிட்டோம். மேலே இரண்டு அடி வரை செங்கல் உடைசல் கலந்த நிரப்பு மண், அதற்குக் கீழே கருப்புக் களி, கையில் உருட்டினால் பிள்ளையார் பிடிக்கலாம். ஊறவைத்து அளந்ததில் ஐந்து மணி நேரத்தில் ஒரு செ.மீ. இறங்கியது. ஒரு குழியில் மட்டும் வேகமாக இறங்கியது, அது பழைய வேப்பமரத்தின் பக்கம், வேர் வழியாகப் போகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். பின்பக்கம் சிலாப் போட்டு மூடிய பழைய கிணறு ஒன்று இருக்கிறது, எனக்கே தெரியாது, முதல் மாடிப் பாட்டி காட்டினார். 28 அடி ஆழம், அடியில் மணல், 14 அடியில் தண்ணீர். முற்றத்துத் தண்ணீரை அப்படியே கிணற்றில் விட்டுவிட்டால் களிமண் பிரச்சினையே இல்லையே?

கடற்கரை மணல் · ஜூன் 16

அருமை! கிணறு கிடைத்தது புதையல். விட்டுவிடுங்கள்.

வேப்பமரத்தடி · ஜூன் 16

விடாதீர்கள், தயவுசெய்து. முற்றத்தில் கார், வண்டி நிற்கிறது, ஆயில் சொட்டுகிறது, பூனையும் நாயும் இருக்கிறது, மிக்ஜாம் போல இன்னொரு நாள் சாக்கடையே முற்றத்தில் நிற்கும். அதைக் கிணற்றில் விட்டால் உங்கள் தெரு முழுவதும் போர்வெல்லில் எடுக்கும் தண்ணீரில் அதுதான் வரும். கிணற்றுக்குக் கொடுக்க வேண்டியது மொட்டைமாடித் தண்ணீர். 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது உங்கள் வளாகத்திலும் குழாய் வைத்திருப்பார்கள், அது இப்போது எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள், பல இடங்களில் அது நேராகத் தெருவில்தான் விழுகிறது. 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் நாலு ஏரியும் வறண்டு லாரிக்குக் குடத்தோடு நின்றோமே, அதை மறந்துவிட்டு அந்தக் குழாய்களை அப்படியே விட்டிருக்கிறோம்.

மாடித் தண்ணீர் வடிகட்டி வழியாகக் கிணற்றுக்கு, முற்றத்துத் தண்ணீர் ஜல்லிக்கு. இரண்டையும் சேர்க்காதீர்கள்.

சிவில்_37 · ஜூன் 17

வேப்பமரத்தடி சொன்னது முழுக்கச் சரி. ஜல்லி அடுக்கு சேற்றையும் ஓரளவு எண்ணெயையும் பிடிக்கும், ஆனால் கிணற்றில் நேராக விடும் அளவுக்குச் சுத்தம் செய்யும் என்று யாரும் உறுதி தர முடியாது. கிணற்றுப் பக்கம் போகவே வேண்டாம், பின்பக்கத்தை மூடிய தளமாகவே விடுங்கள், அங்கே விழுவதை முன்பக்கத்துக்குச் சரித்துவிடலாம்.

சம்ப் எந்தப் பக்கம்? அதைச் சொல்லவே இல்லையே. சம்ப்புக்கும் கட்டட அஸ்திவாரத்துக்கும் 3 மீட்டராவது தள்ளித்தான் தண்ணீரை இறக்க வேண்டும். பழைய சம்ப்பில் எங்கேயாவது விரிசல் இருந்தால் மேலே ஓடிய தண்ணீரை நாமே உள்ளே அனுப்பியது போல் ஆகிவிடும். தள்ள இடம் இல்லாத பக்கத்தில் குழியின் ஓரத்தில் தண்ணீர் புகாத கனமான பிளாஸ்டிக் ஷீட் (எச்.டி.பி.ஈ.) செங்குத்தாக இறக்குங்கள்.

உங்கள் மண் மணிக்கு 2 மி.மீ. குடிக்கிறது. ஜல்லி நிரம்பினால் காலியாக 60 மணி நேரம், இரண்டரை நாள். மூன்று நாளுக்குள் காலியானால் தேறும் என்பார்கள், விளிம்பில் தேறுகிறீர்கள். ஆனால் கார்த்திகையில் அடுத்தடுத்து மழை வரும்போது இரண்டரை நாள் யார் கொடுப்பார்கள்? அதனால் துளைக் குழாய் கட்டாயம். அதையும் அடியில் வைக்காமல் 15 செ.மீ. உயரத்தில் வையுங்கள், கீழ்ப்பாதி மண்ணுக்கு, மேல்பாதி வடிகாலுக்கு. தெரு வடிகால் நிரம்பினால் அந்தக் குழாய் வழியாகவே தெருத் தண்ணீர் உங்கள் ஜல்லிக்குள் ஏறும், ஆகவே தண்ணீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வ் இல்லாமல் இணைக்கவே கூடாது.

வடிகால் முக்கியம் · ஜூன் 17

குழாயும் வால்வும் சேர்கிறது என்றால் என் எதிர்ப்பு பாதியாகிவிட்டது. தெரு உயரத்தையும் விடாதீர்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எழுத்திலேயே அறிவுறுத்தினார். அடுத்த முறை தார் லாரி வரும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நில்லுங்கள்.

முதல்மாடி மீனா · ஜூன் 18

நான் வேறு வளாகம், எங்கள் சங்கத்திலும் இதே பேச்சு ஓடுவதால் கேட்கிறேன். மார்கழியில் வாசலில் தினமும் பெரிய கோலம் போடுவோம். சாணி தெளித்து, கோலமாவு போட்டு... அந்த இடுக்கெல்லாம் அடைந்துவிடாதா? கோலம் போட முடியாத வாசல் என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கையெழுத்தே போட மாட்டார்கள். அதோடு அடியில் தண்ணீர் நின்றால் கொசு வராதா?

சிவில்_37 · ஜூன் 18

நல்ல கேள்விம்மா. அடையும், கல்மாவு இன்னும் சீக்கிரம் அடைக்கும். கேட்டுக்கு எதிரே ஆறடிக்கு ஆறடி கிரானைட்டோ சிமெண்டோ மூடிய தளமாக விட்டு, அதன் சரிவைத் தெருப் பக்கம் கொடுத்துவிடுங்கள். கோலம் அங்கே. தண்ணீர் லாரி ஏறி நிற்கும் இடத்தையும் அப்படியே சாதாரணக் கான்கிரீட்டாக விடுங்கள், இந்தத் தளம் காருக்குத் தாங்கும், தினமும் லாரிக்கு என்றால் அடுக்கின் கனத்தையே வேறு மாதிரி கணக்குப் போட வேண்டும்.

கொசு முட்டையிட்டு அது பறக்க ஒரு வாரமாவது வேண்டும், இங்கே மூன்று நாளில் காலி. சிப்ஸுக்கு அடியில் ஓர் அடி ஆழத்தில் இருக்கும் தண்ணீரைக் கொசு தேடிப் போகவும் முடியாது. குழாய்த் திறப்புகளுக்கு மட்டும் வலை கட்டுங்கள்.

மாம்பலத்தான் · ஜூலை 2

பொதுக்குழு முடிந்தது. 12-இல் 9 பேர் சம்மதம். செலவு சாதாரண பேவர் பிளாக்கைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது, அதில்தான் ஒரு மணி நேரம் சண்டை. மூன்றாம் மாடிப் பெரியவர் எழுந்து "மிக்ஜாம் அன்று நீங்கள் தூக்கி வந்த கேன் விலையைக் கூட்டிப் பாருங்கள்" என்றார், அதற்குப் பிறகு யாரும் பெரிதாகப் பேசவில்லை. சம்ப், கிணறு, லாரி, கோலம் எல்லாம் போக 140 சதுர மீட்டரில் மட்டும் செய்கிறோம். 16,800 லிட்டர்.

மாம்பலத்தான் · ஆகஸ்ட் 21

வேலை நடக்கிறது. முதல் லோடு ஜல்லி கழுவாமல் வந்தது, கையில் எடுத்தால் வெள்ளையாகத் தூசி. திருப்பி அனுப்பியதில் ஒப்பந்தக்காரருக்குக் கோபம், "எல்லா இடத்திலும் இதுதான் சார் போடுகிறோம்" என்றார். ஒரு வாளியில் அந்த ஜல்லியைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன், அடியில் இரண்டு விரல் சேறு. அப்புறம் அவரே கழுவிக் கொண்டுவந்தார். நேற்று நான் அலுவலகம் போன நேரத்தில் ஓர் ஆள் பழக்க தோஷத்தில் இடுக்கில் எம்-சாண்ட் தள்ள ஆரம்பித்திருக்கிறார், பாட்டி மாடியிலிருந்து பார்த்துவிட்டுக் குரல் கொடுத்து நிறுத்தினார். நாலைந்து வரிசை பிரித்து மறுபடி அடுக்கினார்கள்.

சிவில்_37 · ஆகஸ்ட் 21

பாட்டிக்கு என் வணக்கம் சொல்லுங்கள். ஜல்லிக்கு நடுவே அடி வரை போகும் ஒரு 4 அங்குலப் பிவிசி குழாயை நட்டு மேலே மூடி போடச் சொல்லுங்கள். மழைக்குப் பிறகு குச்சி விட்டுப் பார்த்தால் உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். அது இல்லாவிட்டால் அடைத்தது தெரியவே தெரியாது.

கோவைக்காரி · ஆகஸ்ட் 22

சங்க விதியிலேயே எழுதி வையுங்கள்: மராமத்து மணல், சிமெண்ட், கலவை எதுவும் அந்தத் தளத்தில் கூடாது. நோட்டீஸ் போர்டு மட்டும் போதாது, வாடகைக்கு வருகிறவர்களுக்கும் மேஸ்திரிக்கும் கையில் கொடுங்கள்.

மாம்பலத்தான் · அக்டோபர் 19

முதல் நல்ல மழை நேற்று இரவு. பையனின் மழைமானியில் 38 மி.மீ. இரவு பதினொன்றுக்கு டார்ச்சோடு கீழே போனேன், பாட்டியும் இறங்கி வந்துவிட்டார். மழை அடித்துக்கொண்டிருக்கிறது, தெருவில் கணுக்கால் தண்ணீர், எங்கள் முற்றத்தில் கல் நனைந்திருக்கிறதே தவிர எங்கேயும் தண்ணீர் இல்லை. காலையில் குழாயில் குச்சி விட்டதில் 14 செ.மீ. வெளிக்குழாய் மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே, அதாவது ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

மாம்பலத்தான் · அக்டோபர் 21

நேற்றுக் காலை 4 செ.மீ., இன்று குச்சியில் ஈரம் மட்டும். கிணற்றில் இரண்டு நாளில் ஓர் அடி ஏறியிருக்கிறது, மாடித் தண்ணீர்.

ஒரு சந்தேகம், சிவில் சார். வேப்பமரத்தின் அடியில் சருகும் பழமும் விழுந்து அந்தப் பக்கம் இடுக்கில் மெல்லிய கருப்புப் படலம் தெரிகிறது. ஐப்பசி முடியும் வரை பொறுக்கலாமா, இப்போதே எடுக்க வேண்டுமா? பிரஷர் வாஷர் அடிக்கலாம் என்கிறார் வாட்ச்மேன்.

சிவில்_37 · அக்டோபர் 21

பிரஷர் வாஷர் நேராக அடித்தால் அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிவிடும், வேண்டாம். காய்ந்த நாளாகப் பார்த்து முரட்டுத் துடைப்பத்தால் கூட்டி, பிறகு வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள், காலியாகும் இடுக்கில் புதுச் சிப்ஸ் நிரப்புங்கள். மீந்த சிப்ஸ் இரண்டு மூட்டையாவது எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? மரத்தடியில் மாதம் ஒரு முறை, மற்ற இடத்தில் பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை. அந்த மரத்தைச் சுற்றி நாலடிக்குக் கல்லே இல்லாமல் மண்ணாக விட்டிருக்கலாம், அதை நான் ஜூனிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போதும் நாலு வரிசைக் கல்லை எடுத்துவிட முடியும்.

மாம்பலத்தான் · அக்டோபர் 21

எடுத்துவிடுகிறோம். ஞாயிறு காலை ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.